முகாம் முடிந்த மறுநாள்: பினாங்கில் சமூக சுகாதாரப் பணிக்கு வருகிறவர்களுக்கு

"அண்ணே, சுகாதார இயக்கத்துல வேலை செய்யணும்னு ஆசை. எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்டு வரும் இளையவர்களுக்குப் பினாங்கில் குறைவில்லை. கேட்கும்போதே அவர்கள் மனத்தில் ஓடும் காட்சி தெரிந்துவிடும்: கோயில் மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம், ஒரே நிறத்தில் டி-சட்டை, மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை, சட்டமன்ற உறுப்பினரோடு ஒரு படம். முகாம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் இயக்கம் எப்படிப்பட்டது என்று அறிய நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: முகாமில் இனிப்பு நீர் (ரத்தச் சர்க்கரை) அளவு கூடுதலாக வந்தவர்களுக்கு மறுநாள் யார் போன் செய்தார்கள்? இதற்குச் சட்டென்று பதில் வந்தால் அங்கே தாராளமாகச் சேரலாம்.

தொண்டூழியராக வருகிறவருக்கும், இதையே சம்பள வேலையாகக் கொள்ள நினைப்பவருக்கும், நாளைக்கு ஓர் இயக்கத்தின் செயலாளராகவோ தலைவராகவோ ஆகப்போகிறவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மூவருக்கும் தொடக்கம் ஒரே இடம்தான்.

முதலில் கிளினிக்கில் போய் உட்காருங்கள்

பட்டம், பயிற்சி, சான்றிதழ் எல்லாம் அப்புறம். ஆயர் ஈத்தாமோ, பட்டர்வொர்த்தோ, நிபோங் திபாலோ, உங்கள் வட்டாரத்து அரசாங்க சுகாதாரக் கிளினிக் எப்படி நடக்கிறது என்பதை நேரில் பாருங்கள். துணைக்கு ஆள் இல்லாத ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். எண் எடுப்பதிலிருந்து மருந்து வாங்கும் வரை கூடவே இருங்கள். எந்த முகப்பில் எவ்வளவு நேரம் ஆகிறது, அறிவிப்பு எந்த மொழியில் இருக்கிறது, மருந்தாளர் சொன்னது பெரியவருக்குப் புரிந்ததா, அடுத்த தேதியை அவர் எங்கே குறித்துக்கொண்டார் என்று கவனியுங்கள். மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் முன்பதிவு செய்யச் சொன்னால், அவரிடம் இருப்பது பட்டன் போனா ஸ்மார்ட் போனா என்பதும் ஒரு தகவல்தான்.

குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்), மருந்தும் அதிலேயே அடங்கும். இதை அறியாமல் தனியார் கிளினிக்கில் கடன் சொல்லி மருந்து வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டமும் அப்படித்தான். ரஹ்மா உதவித்தொகை பெறுகிறவர்களும் அவர்களின் துணைவரும் 40 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால், திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் கிளினிக்கிலேயே இலவச உடற்பரிசோதனை செய்துகொள்ளலாம். தேவைப்படும் நோயாளிக்கு மருத்துவக் கருவி வாங்க 20,000 வெள்ளி வரை உதவி, புற்றுநோய்ச் சிகிச்சையை முழுமையாக முடித்தவர்களுக்கு 1,000 வெள்ளி, தீபகற்பத்தில் போக்குவரத்துச் செலவுக்கு 500 வெள்ளி வரை என்று அதில் இன்னும் பல இருக்கின்றன. பெரிய மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. கட்டணம் கட்ட முடியாதவர், சக்கர நாற்காலி வாங்க வழியில்லாதவர், வீட்டுக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் எல்லாரும் முதலில் போய் நிற்க வேண்டிய கதவு அது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் சந்தா கட்டியவர் தகுதி பெற்றால் டயாலிசிஸ் செலவுக்கு அங்கேயே வழி இருக்கிறது. முஸ்லிம் நோயாளிக்கு ஸக்காத் உண்டு, சமூக நல இலாகா எல்லாருக்கும் உண்டு. இவற்றுக்கான படிவங்களை ஒரு முறையாவது நீங்களே நிரப்பிப் பழகுங்கள். இயக்கத்துக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு புள்ளிவிவரத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அவர்களில் ஐந்தில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியர்களிடையே இந்த நோயின் விகிதம் மற்ற இனங்களைவிட உயரத்தில் இருப்பதை இந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. டயாலிசிஸுக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிக்கு மேல் இதனால்தான் வருகிறார்கள்.

இதைக் கேட்டதும் "நம்ம ஆளுங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று முடித்துவிடுவது சுலபம். அந்த வார்த்தையை நான் நம்புவதில்லை. மருந்தை நிறுத்திவிட்ட ஒருவர் வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் வேறு கதை வரும்.

"ஏன் பாட்டி போன மாசம் கிளினிக்குக்கு வரலே?"

"வரணும்னுதான் இருந்தேன்மா. மகளுக்கு பிறை ஃபேக்டரில காலை ஷிப்ட். பேரப்புள்ளய யாரு பாத்துக்குவா?"

கிளினிக் நேரமும் தொழிற்சாலை ஷிப்டும் மோதுகின்றன. பெருநிலத்து நிபோங் திபாலிலிருந்து தீவில் உள்ள பினாங்கு மருத்துவமனைக்கு வர வேண்டியவருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. வேறு சிலருக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை, அல்லது கையில் இருப்பது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாளக் கார்டு. குடிமகனுக்கு 1 வெள்ளி என்பது அவர்களுக்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட ஒருவரின் நெஞ்சுவலிக்கு நீங்கள் முதலில் ஏற வேண்டிய படி தேசியப் பதிவிலாகாவுடையதாக இருக்கலாம். பிரச்சினை உடம்பில் இருக்கிறதா, பஸ்ஸில் இருக்கிறதா, கார்டில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்த வேலையில் பாதி கைவந்துவிட்டது.

இந்த ஊர் செய்திருப்பது கொஞ்சநஞ்சம் இல்லை

பினாங்கில் இந்த வேலைக்கு வருகிறவருக்கு ஒரு வசதி உண்டு. உலக அளவில் பேசப்பட்ட சுகாதார இயக்கங்கள் பல இங்கே பிறந்தவை அல்லது இங்கிருந்து இயங்குபவை. 1969-இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை எல்லாருக்கும் தெரியும். அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019-இல் மறையும் வரை சர்க்கரை, சிகரெட், கலப்படம் என்று விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். அன்வார் ஃபசால் இந்த ஊரிலிருந்து அனைத்துலகப் பயனீட்டாளர் இயக்கத்தை நடத்தியவர். தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்மாவு விற்ற நிறுவனங்களின் விளம்பரத்தை எதிர்த்து 1979-இல் உருவான அனைத்துலக வலையமைப்பில் அவருக்குப் பங்கு உண்டு. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பால்மாவு விற்பனைக்கு நெறிமுறை கொண்டுவந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் உலகமெங்கும் கொண்டாடப்படும் தாய்ப்பால் வாரத்தை நடத்தும் அமைப்பின் செயலகம் பினாங்கில்தான் இருக்கிறது.

இதை எல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் கதையைப் பாருங்கள். தோட்டப்புறத்தில் முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு மருந்தடித்த பெண்களில் எத்தனையோ பேர் நம் அம்மாக்களும் பாட்டிகளும்தான். நகம் கழன்றது, கண் எரிந்தது, மூக்கில் ரத்தம் வந்தது என்று அவர்கள் சொன்னதை யாரும் எழுதிவைக்கவில்லை. பெண்கள், வெளிநாட்டுத் தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபடும் தெனகானித்தாவும், பினாங்கிலிருந்து இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் அந்தப் பெண்களைப் பரிசோதித்து, பேட்டி கண்டு, 2002-இல் அதை ஆய்வாக வெளியிட்டன. அந்த ஆண்டே அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி.

கிடைத்தது கைநழுவிப் போய், திரும்பக் கிடைக்கப் பதினெட்டு ஆண்டு. இடையில் எத்தனை அமைச்சர் மாறினார்கள், எத்தனை அதிகாரிகள் ஓய்வு பெற்றார்கள்! புதிதாக வருகிறவர் ஆறு மாதத்தில் மாற்றம் தெரியவில்லை என்று சோர்ந்துபோவதைப் பார்க்கும்போது இதைத்தான் சொல்லத் தோன்றும்.

சேருவது எப்படி

புதிதாக இயக்கம் தொடங்காதீர்கள். குறைந்தது சில ஆண்டுகளுக்கு வேண்டாம். பினாங்கில் ஏற்கெனவே உள்ள சங்கங்களிலேயே மூன்றில் ஒன்றாவது ஆண்டறிக்கை எழுத ஆள் இல்லாமல் திணறிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

ஆர்வம் எதில் என்று ஒரு துறையைத் தேர்ந்தெடுங்கள். புற்றுநோய், சிறுநீரகம், எச்.ஐ.வி., மனநலம், முதியோர் பராமரிப்பு, வன்முறைக்கு ஆளான பெண்கள், புகையிலை, தொழிலாளர் உடல்நலம் என்று ஒவ்வொன்றுக்கும் அமைப்புகள் இருக்கின்றன. அப்புறம் அந்த அமைப்பின் கடந்த ஆண்டறிக்கையைக் கேளுங்கள். கணக்கு தணிக்கையாகியிருக்கிறதா, செயலவையில் ஒரே குடும்பத்தார் எத்தனை பேர், பொருளாளரும் தலைவரும் கணவன் மனைவியா என்று பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடத்தில் சேர வேண்டாம்.

சேர்ந்த பிறகு எல்லாரும் களப்பணிக்கே ஆசைப்படுவார்கள். நீங்கள் துணைச் செயலாளர் வேலையைக் கேளுங்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது, கடிதம் அனுப்புவது, யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார் என்று அடுத்த கூட்டத்தில் நினைவூட்டுவது என்று அலுப்பான வேலைதான். ஆனால் ஓர் இயக்கத்தின் உள்விவகாரம் முழுக்க அந்த மேசைக்கு வந்துதான் போகும். பிற்காலத்தில் நல்ல தலைவராக வந்தவர்களில் நான் அறிந்த பலர் செயலாளர் மேசையிலிருந்து எழுந்தவர்கள். மேடையிலிருந்து வந்தவர்கள் குறைவு.

கிளினிக்கோடு ஒட்டிய இன்னொரு வழியும் உண்டு. பல அரசாங்கக் கிளினிக்குகளில் சுகாதார ஆலோசனைக் குழு இருக்கிறது. வட்டாரத்து மக்கள் அதில் உறுப்பினராக இருப்பார்கள். 2013-இல் சுகாதார அமைச்சு தொடங்கிய கோஸ்பென் திட்டத்தில் குடியிருப்புத் தொண்டூழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். டிங்கிக் காய்ச்சலைத் தடுக்க, குடியிருப்பு மக்களே சேர்ந்த கோம்பி குழுக்கள் உண்டு. இவற்றில் நம்மவர்கள் குறைவாக இருப்பதாக எனக்குப் படுகிறது. கிளினிக்கில் போய் "ஆலோசனைக் குழுவில் சேர யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்பதற்குக் காசு ஆகாது.

முகாம் நடத்துவதாக இருந்தால்

இடம் பார்ப்பதற்கு முன்பே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் போடுங்கள். பினாங்கில் ஐந்து மாவட்டம், ஐந்து அலுவலகம்: தீவில் வடகிழக்கு, தென்மேற்கு, பெருநிலத்தில் செபராங் பிறை வட, மத்திய, தென் பகுதிகள். என்ன பரிசோதனை, யார் செய்வார்கள், எந்தக் கிளினிக்குக்கு அனுப்புவீர்கள் என்று எழுதுங்கள். விரலில் குத்தி ரத்தம் எடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை. பயன்படுத்திய ஊசியைக் கோயில் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. அதற்கு மஞ்சள் டப்பா வேண்டும், அதை முறையாக எடுத்துப்போக ஆள் வேண்டும்.

அளவைச் சொல்லும்போது கவனம். நம் நாட்டில் ரத்தச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்கிறோம். ஆனால் நம் பெரியவர்கள் பார்ப்பது தமிழ்நாட்டு யூடியூப் மருத்துவர்களை. அங்கே மில்லிகிராம் கணக்கு. "இருநூறு வரைக்கும் போலாம்னு டாக்டர் சொன்னாரே, எனக்குப் பன்னெண்டுதானே?" என்று ஒருவர் நிம்மதியாக எழுந்து போவார். நம் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் அவர்கள் எண் வரும். 11.1 என்பதே 200. அவருடைய பன்னிரண்டு 216 ஆகிறது. அளவு எழுதிக் கொடுக்கும் அட்டையில் இரண்டு கணக்கையும் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். எப்படியானாலும் முகாமில் சொல்வது நோய் முடிவு ஆகாது. "கிளினிக்கில் காட்டுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வது தொண்டூழியர் எல்லை.

அடுத்தது பெயர்ப் பட்டியல். பெயர், தொலைபேசி, அளவு, எந்தக் கிளினிக், எப்போது போகிறார், யார் தொடர்புகொள்வார். கடைசிக் கட்டத்தில் நம் ஆள் ஒருவரின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். "குழு பார்த்துக்கொள்ளும்" என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். மறுநாளே ஒரு அழைப்பு, இரண்டு வாரம் கழித்து ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று. சிற்றேடு கொடுப்பதைவிட வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவது பலிக்கிறது. எந்த மொழியிலும் படிக்காதவருக்கும், தமிழ் பேசி மலாயில் படித்த பிள்ளைக்கும் அது ஒன்றே போதும். அந்தப் பட்டியலை மட்டும் குழுவில் பகிராதீர்கள். யாருக்கு என்ன வியாதி என்பது கோயில் வாசலில் பேசுபொருளாகிவிட்டால், அடுத்த ஆண்டு அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வர மாட்டார்கள். பெயரோ படமோ பயன்படுத்துவதற்கு முன் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், மேடையில் நன்கொடைக்காக நோயாளியை நிறுத்தும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

பட்டியலில் உள்ளவர்களில் எத்தனை பேர் உண்மையில் கிளினிக்குக்குப் போனார்கள்? உங்கள் ஆண்டறிக்கையில் போட வேண்டிய எண் அது. வந்தவர் தொகை யாருக்கு வேண்டும்!

ஒருவர் கதையிலிருந்து ஒரு கோரிக்கைக்கு

சேவைக்கும் பரிந்துரைக் குரலுக்கும் உள்ள தூரம் இங்கேதான். ஒருவரை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவது சேவை. அந்தத் தடத்தில் காலையில் பஸ் ஏன் இல்லை என்று கேட்பது அடுத்த கட்டம். கேட்க வேண்டுமானால் கையில் குறிப்புகள் வேண்டும். பாட்டியின் கதை ஒன்று இருந்தால் அனுதாபம் கிடைக்கும். அதே குடியிருப்பில் அதே காரணத்தால் மருந்தை விட்டவர்கள் இருபது பேர் என்று தேதியோடு எழுதிவைத்திருந்தால் அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொள்வார்.

எழுதிவைப்பது விளையாட்டில்லை. 1995-இல் தெனகானித்தாவின் ஐரின் பெர்னாண்டஸ், வெளிநாட்டுத் தொழிலாளர் தடுப்பு முகாம்களின் நிலை பற்றி நூற்றுக்கணக்கானோரிடம் கேட்டறிந்து மகஜர் வெளியிட்டார். பொய்ச் செய்தி வெளியிட்டதாக 1996-இல் குற்றம் சாட்டப்பட்டு, 2003-இல் தண்டனை பெற்று, 2008-இல்தான் விடுவிக்கப்பட்டார். ஆகவே, யார் சொன்னது, எப்போது, யார் எழுதியது என்பதை மூலக் குறிப்போடு பத்திரப்படுத்துங்கள். நேரில் கண்டதையும் கேள்விப்பட்டதையும் ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள். மருத்துவமனையையோ மருத்துவரையோ பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் பதிவை முகநூலில் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

சரி, கோரிக்கையை யாரிடம் கொண்டுபோவது? புதியவர்கள் அதிகம் அலைவது இந்த இடத்தில். மருத்துவமனையும் கிளினிக்கும் மத்திய அரசின் கையில். மருத்துவர் போதவில்லை என்று சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் போய்க் கத்தினால் அவர் நமக்காக ஒரு கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். அதை நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுப்பக்கூடியவர் நாடாளுமன்ற உறுப்பினர். சாக்கடை, கொசு, உணவுக்கடை உரிமம் எல்லாம் தீவில் மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம். கிளினிக்கில் நடந்த ஒரு குறிப்பிட்ட சம்பவத்துக்கு முதலில் அந்தக் கிளினிக் பொறுப்பாளர், அப்புறம் மாவட்ட அலுவலகம், அதற்கும் மேலே மாநிலச் சுகாதார இலாகா. சுகாதார அமைச்சின் சிஸ்பா முறையில் இணையம் வழியாகவும் புகார் பதிவு செய்யலாம். படி தாண்டிப் போனால் காகிதம் மறுபடி கீழேதான் வரும், நமக்கு ஒரு மாதம் போய்விடும்.

கடிதம் மலாய் மொழியில் இருக்கட்டும். இதைச் சொன்னால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். தமிழில் நன்றாகப் பேசி, ஆங்கிலத்தில் நன்றாக எழுதி, மலாயில் அலுவல் கடிதம் என்றதும் தயங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம்தான்: என்ன நடக்கிறது, எத்தனை பேருக்கு, நாங்கள் கேட்பது என்ன, யாரைத் தொடர்புகொள்ளலாம். கேட்பது ஒன்றாக இருக்க வேண்டும். ஏழு கோரிக்கை வைத்தால் அவர்களுக்கு எளிதான ஒன்றைச் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். கடிதத்தில் பெறப்பட்ட முத்திரை வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த முத்திரைத் தேதியைக் குறிப்பிட்டு அடுத்த கடிதம். மின்னல் வானொலியிலோ தமிழ் நாளிதழிலோ பேசுவது அதற்கப்புறம்தான்.

மலாய்க்காரர், சீனர் அமைப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் இல்லாத குடியிருப்பில் எல்லாருக்கும்தான் பஸ் இல்லை. மூன்று மொழியில் கையெழுத்து விழுந்த மகஜருக்கு வேறு கனம் உண்டு.

பெரிய கோரிக்கைகளும் இப்படித்தான் நகர்கின்றன. ஹெப்பாடைடிஸ் சி-க்கான சொஃபொஸ்புவிர் மருந்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்தபோது, 2017-இல் மலேசிய அரசாங்கம் காப்புரிமையை மீறி மலிவு விலை மருந்தைத் தன் மருத்துவமனைகளுக்கு வரவழைக்கும் உரிமத்தைப் பயன்படுத்தியது. நோயாளிக் குழுக்களோடு, பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மூன்றாம் உலக வலையமைப்பும் பல ஆண்டு சட்ட நுணுக்கங்களை எடுத்துவைத்துப் பேசியது. சர்க்கரைப் பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு வரி வந்தது, 2025-இல் அது 90 காசானது. அதற்கு எத்தனையோ ஆண்டு முன்பிருந்தே பயனீட்டாளர் சங்கம் சர்க்கரையைப் பற்றி நச்சரித்துக்கொண்டிருந்தது.

உங்கள் அளவில் ஒரு பயிற்சி சொல்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை சாலையில் எத்தனை தண்ணீர்ப் பந்தல்! அங்கே கொடுக்கும் ரோஸ் தண்ணீரில் பாதி சர்க்கரை குறைத்தால் போதும் என்று பந்தல்காரர்களைச் சம்மதிக்க வைத்துப் பாருங்கள். விழா அன்று அட்டை பிடித்துக்கொண்டு நின்றால் பலிக்காது, பக்தர் மனம் புண்படும். மூன்று மாதம் முன்பு, அவர்கள் சர்க்கரை மூட்டைக்குச் சொல்லும் சமயம் போங்கள். யார் பணம் போடுகிறார், யார் கலக்குகிறார், யார் சொன்னால் கேட்பார் என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பந்தல் ஒப்புக்கொண்டால் அடுத்த ஆண்டு அவர்களையே பேச வையுங்கள். அமைச்சு அலுவலகத்தில் செய்ய வேண்டியதும் இதே வேலைதான், அங்கே குளிர்சாதனம் இருக்கும்.

பணமும் பதிவும்

இயக்கங்கள் பிளவுபடுவது பெரும்பாலும் பணத்தால். கெட்ட எண்ணத்தைவிட, எழுதிவைக்காத கணக்குதான் அதிகம் கெடுக்கிறது.

1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி சங்கம் பதிவு செய்ய ஏழு பேராவது வேண்டும். ஆண்டுப் பொதுக் கூட்டம் நடந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். சிலர் உத்தரவாத வரம்பு நிறுவனமாக, கம்பெனி ஆணையத்தில் பதிவு செய்கிறார்கள். அதற்கு நடைமுறைச் செலவு கூடுதல், சிறிய குழுவுக்குத் தேவை இல்லை. நன்கொடையாளருக்கு வரிக் கழிவு கிடைக்க வேண்டுமானால் வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். அது இல்லாமல் "வரி விலக்கு உண்டு" என்று துண்டறிக்கையில் போடுவது வம்பு. தெருவிலோ வீடு வீடாகவோ உண்டியல் கொண்டுபோவதற்கும் அனுமதி வேண்டும், அதற்கென்றே 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது.

காசோலையில் இரண்டு கையெழுத்து. ரசீது இல்லாத செலவு செலவே இல்லை. நோயாளி ஒருவர் பெயரில் திரட்டிய பணம் மிஞ்சினால் என்ன செய்வது என்பதைத் திரட்டும் முன்பே எழுதிவைத்துவிடுங்கள்.

நன்கொடை கொடுப்பவரையும் பாருங்கள். நீரிழிவு முகாமுக்கு இனிப்புப் பான நிறுவனம் கூடாரம் போட்டுக் கொடுக்க முன்வரும். தாய்மார் கூட்டத்துக்குப் பால்மாவு நிறுவனம் பை கொடுக்க வரும். வேண்டாம் என்று சொல்வதற்கான விதியைச் செயலவையில் முன்கூட்டியே நிறைவேற்றி வைத்திருந்தால், அன்று கூச்சப்பட வேண்டியதில்லை. "எங்க சங்க விதி அப்படிங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

சம்பள வேலையாக

திட்ட அதிகாரி, களப்பணியாளர், நோயாளி வழிகாட்டி, நிதி திரட்டும் பொறுப்பாளர் என்ற பெயர்களில் வேலை வரும். பெரும்பாலும் மானியத்தை ஒட்டிய ஒப்பந்தம். மானியம் முடியும் தேதியை நேர்முகத்தேர்விலேயே கேளுங்கள். சேமநிதியும் சொக்சோவும் கட்டுகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். "இது சேவைதானே தம்பி" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். ஊழியர் வைத்திருக்கும் சங்கமும் முதலாளிதான்.

படிப்பு என்றால், குளுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975 முதல் சமூகப் பணிப் படிப்பை நடத்துகிறது. நாட்டில் அதுதான் முதலாவது. மருந்தியல், தாதியர், உணவூட்டவியல் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. பொதுச் சுகாதார முதுகலையைச் சில ஆண்டு களத்தில் இருந்துவிட்டுப் படித்தால் பாடம் வேறு மாதிரி புரியும். பட்டம் இல்லாதவர் ஒதுங்க வேண்டாம். மலாயில் கடிதம், எக்செல்லில் கணக்கு, தமிழில் ஆறுதல், இந்த மூன்றும் தெரிந்தவரைக் கைவிட எந்த இயக்கமும் துணியாது. சீனர் பேசும் ஹொக்கியன் நாலு வார்த்தை தெரிந்தால் பினாங்கில் அது தனி மரியாதை.

வாரத்தில் ஒரு நாளாவது போனை அணைத்துவிடுங்கள். சாவு வீட்டுக்கும் டயாலிசிஸ் மையத்துக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தால் எவருக்கும் உள்ளே ஏதோ காய்ந்துபோகும். இரண்டு பேராகப் போவது, திரும்பும் வழியில் ஒரு தே ஓ கோசோங் குடித்துக்கொண்டு நடந்ததைப் பேசுவது என்ற பழைய முறை இன்னும் வேலை செய்கிறது.

தலைவர் பதவி வந்தால்

வரும். கூட்டக் குறிப்பை ஒழுங்காக எழுதுகிறவர் அகப்பட்டால் விட மாட்டார்கள். அப்படி வந்தால், பதவி ஏற்கும் கூட்டத்திலேயே எத்தனை தவணை இருப்பீர்கள் என்று சொல்லிக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் ஒருவராவது உங்களைவிடப் பத்து வயது இளையவராக இருக்கட்டும். செயலவையில் பெண்கள் தேநீருக்கும் வரவேற்புக்கும் மட்டும் இருந்தால் அதை முதல் ஆண்டிலேயே மாற்றுங்கள். வீட்டுக்குள் போய் நோயாளியிடம் பேசிவிட்டு வருகிறவர்கள் அவர்கள்தான். கூட்டத்தில் முதலில் பேச வேண்டியவர் களத்திலிருந்து வந்தவர், தலைவர் கடைசியில் பேசலாம்.

பதவி கைமாறும்போது மாலை மரியாதையோடு ஒரு கோப்பும் மாற வேண்டும். தேர்தல் நடந்த கூட்டக் குறிப்பு இரண்டு பிரதி, வங்கியில் கையெழுத்து மாற்ற அது இல்லாமல் முடியாது. சங்கப் பதிவிலாகாவின் இணைய முறையான ஈ-ரோசஸில் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல் என்ன. முகநூல் பக்கத்துக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் நிர்வாகி யார். நிலுவையில் உள்ள மானியங்கள், அவற்றின் அறிக்கைத் தேதிகள். முத்திரை வாங்கிப் பதில் வராத கடிதங்கள். தொடர்ந்து அழைக்க வேண்டிய நோயாளிகளின் பட்டியலை மட்டும் கோப்பில் வைத்துக் கொடுத்துவிட்டு எழாதீர்கள். புதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "இனிமே இவங்கதான் கூப்பிடுவாங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு அப்புறம் கொடுங்கள்.